வங்கிகளின் இடத்தைக் கிரிப்டோ நாணயங்கள் பிடித்துவிடுமா?

கேள்வி: ஏரல் வாழைக்காரர் மகன்

அனைவருக்கும் வணக்கம். ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில், தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் வாழை இருக்கிறது. அப்பா காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவர் சேர்த்துவைத்த ஏழு லட்சம் ரூபாய் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்புத்தொகையாக இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அம்மா என்னைத்தான் கேட்கிறார்.

தீபாவளிக்கு வந்திருந்த சித்தப்பா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். இன்னும் பதினைந்து ஆண்டுகளில் வங்கி என்ற ஒன்றே இருக்காது, இந்தப் பணத்தில் பாதியையாவது இப்போதே பிட்காயினாக, அதாவது கணினி வலையில் மட்டுமே இருக்கும் கிரிப்டோ நாணயமாக, மாற்றிவிடு என்று இரண்டு நாள்கள் விடாமல் சொன்னான். அவன் விலையேற்றத்தைப் பற்றிப் பேசியபோது நான் அசையவில்லை. ஆனால், "உன் பணம் உன் கையில் இல்லை, வேறொருவன் எழுதும் பேரேட்டில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது" என்று அவன் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த வெள்ளத்தில், எங்கள் வீட்டுக்குள் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பாஸ்புக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியிருந்தன. அதைவிட என்னை உலுக்கியது, சங்கத்துக்குப் போனபோது அவர்களும் தங்கள் பழைய பேரேடுகளைத் திண்ணையில் விரித்து, தாள்தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்த காட்சிதான். எங்கள் அப்பாவின் பெயர் இருந்த பக்கத்தில் நீல மை கரைந்து பரவியிருந்தது. கணக்குக் கணினியிலும் இருந்ததால் பணத்துக்குச் சேதமில்லை. ஆனாலும், ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் படியெடுத்து வைக்கப்படும் பேரேடு என்று அவன் சொன்னபோது, எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

அவன் சொல்வது நடக்குமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: தென்காசி நிரலாளர்

அண்ணாச்சி, பேரேட்டைப் பற்றி உங்கள் தம்பி சொன்னது உண்மை, அதிலிருந்தே தொடங்குகிறேன். பிட்காயின் 2009 ஜனவரி 3 அன்று இயங்கத் தொடங்கியபோது, பேரேட்டின் ஒரு பக்கம் போன்ற அதன் முதல் தொகுதிக்குள் அன்றைய லண்டன் நாளிதழ் ஒன்றின் தலைப்புச் செய்தி பொறித்து வைக்கப்பட்டது. வங்கிகளைக் காப்பாற்ற அரசு இரண்டாம் முறையாகப் பணம் தரப் போகிறது என்பதுதான் அந்தச் செய்தி. முந்தைய ஆண்டு உலகெங்கும் வங்கிகள் சரிந்த வேதனையில் பிறந்த தொழில்நுட்பம் இது. ஒரே ஒருவரிடம் பேரேட்டை ஒப்படைக்காமல், எல்லாரும் ஒரே பேரேட்டை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சரிபார்க்க முடியும் என்று அது செய்து காட்டியது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பேரேட்டில் பழைய வரி எதையும் யாராலும் திருத்தி எழுத முடியவில்லை. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்களுக்கு மேல் உருவாகாது என்ற விதியையும் எந்த அரசாலும் மாற்ற முடியவில்லை. இவை சாதாரணமான காரியங்கள் அல்ல.

ஆனால் அந்தப் பேரேட்டில் எழுதுவது மெதுவாகவே நடக்கும். சுமார் பத்து நிமிடங்களுக்கு ஒரு தொகுதிதான் சேரும். நொடிக்கு ஏழு பரிவர்த்தனைகள் அளவில்தான் தாங்கும். நம் ஊர் டீக்கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ அட்டையை நினைத்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் மட்டும் யுபிஐ வழியாக 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன; வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஏழாயிரத்துக்கும் மேல் வருகிறது. சிறு பரிவர்த்தனைகளைப் பேரேட்டுக்கு வெளியே முடிக்கும் லைட்னிங் போன்ற மேலடுக்குகள் பிட்காயினின் வேகத்தைக் கூட்டுகின்றன என்பது சரிதான்; ஆனாலும் அன்றாடச் செலவுக்கான பாதையாக அது இன்னும் பரவலாகவில்லை. எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கி, கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தைச் சட்டத்திருத்தம் மூலம் நீக்கியது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. 2018இல் சுமார் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் காயின் வாங்கி, காயின் வாங்கி விற்கும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சில் வைத்தால் ஆபத்து என்று எல்லாரும் சொன்னபடி, நம் சாவி நம் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றினேன். அந்த வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். அவற்றை வரிசை மாறாமல் எழுதிவைக்க வேண்டும். ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, பழைய டைரிகளை எல்லாம் அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். பிறகு கைபேசியும் பழுதாகிவிட்டது. அந்தப் பேரேடு எல்லாருக்கும் திறந்தது என்பதால், என் காயின்கள் இன்றைக்கும் அதே முகவரியில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிகிறது. எடுக்க மட்டும் முடியாது. முறையிட ஓர் அலுவலகம்கூடக் கிடையாது. அண்ணாச்சி, வெள்ளத்தில் உங்கள் பாஸ்புக் களியானபோது சங்கத்தில் புதிய பாஸ்புக் போட்டுக் கொடுத்தார்கள். அந்த டிரங்குப் பெட்டிக்குள் பன்னிரண்டு சொற்கள் இருந்திருந்தால், அந்த ஏழு லட்சத்தையும் நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருப்பீர்கள்.

மறுமொழி 2: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆகவே எனக்கு ஒரு பக்கச் சார்பு இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பணத்தைப் பத்திரமாக வைப்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதும் வங்கியின் வேலையில் பாதிதான். கிரிப்டோவைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்தப் பாதியைச் சுற்றியே நடக்கிறது. மறுபாதி கடன் கொடுப்பது. உங்கள் அப்பா போட்ட ஏழு லட்சம் சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் கட்டாக உறங்கிக்கொண்டிருக்கவில்லை. அது பக்கத்து வயற்காரருக்குக் கன்று வாங்கவும் முட்டுக்கம்பு வாங்கவும் கடனாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி குறையாகச் சொன்ன "பேரேட்டில் ஒரு வரி" என்பது இதுதான். பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்று தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கிறதே, அந்தச் சலுகையை எந்தக் கணினி நிரல் கொடுக்கும்?

நம் பக்கத்தில் வங்கி எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்த வழக்கம் இங்கே பழையது. பள்ளிக்கூடம் கட்டுவதும், நொடித்துப்போன வியாபாரிக்குக் கைகொடுப்பதும் அந்த நிதியிலிருந்து நடந்தன. அந்தப் பழக்கத்தில் ஊறிய சமூகம்தான் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. ஒருவரையொருவர் அறிந்தவர்களிடையே இருந்த நம்பிக்கை, பதிவுபெற்ற நிறுவனமாக வடிவெடுத்த கதை அது. யாரையும் அறியாமலும் நம்பாமலும் இயங்க முடியும் என்பதைத்தான் பிட்காயின் தன் பெருமையாகச் சொல்கிறது. பணம் அனுப்புவதற்கு அது போதும். கடன் கொடுக்கப் போதாது என்பது என் கருத்து.

ஏன் என்று ஒரு நகைக்கடனை வைத்துச் சொல்கிறேன். கவுன்டரில் ஓர் அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைப்பார். மதிப்பீட்டாளர் அதைக் கறுப்பு உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, கோட்டின்மேல் அமிலச் சொட்டு வைத்து, நிறம் மங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு எடை, கல் பதித்திருந்தால் அதற்குக் கழிவு. மதிப்பில் பெரும்பகுதிவரை கடன் கிடைக்கும். தவணை தப்பினால் ஒரு நினைவூட்டல் கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவுத் தபால், அதன்பிறகு நாளிதழில் ஏல அறிவிப்பு. இதற்கிடையில் அந்த அம்மா வந்து, "வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேருக்கு நானே மறு அடகு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கிரிப்டோவிலும் அடகுக் கடன் உண்டு. நிரலே நடத்தும் மேக்கர் என்ற அமைப்பில் 2020இல் 100 ரூபாய் வாங்க 150 ரூபாய் மதிப்புள்ள ஈதர் காயினை வைக்க வேண்டியிருந்தது; விலை இறங்கினால் நிரல் தானாகவே அடகை ஏலம் விட்டுவிடும். 2020 மார்ச் 12 அன்று கொரோனா பீதியில் ஈதரின் விலை ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. வலையமைப்பு நெரிசலால் ஏலம் கேட்க ஆளில்லாமல், சிலர் சுழியம் விலை கேட்டே பிறர் அடகு வைத்த காயின்களை அள்ளிச் சென்றார்கள். சுமார் 80 லட்சம் டாலர் போயிற்று. நிரல் தனக்கு இட்ட விதிப்படிதான் நடந்தது. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று கேட்பதற்கு எதிரே ஒருவரும் இல்லை.

வங்கி மூழ்காதா என்றால், மூழ்கும். 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. அந்த அடியில்தான் வைப்புக் காப்பீடு பிறந்து 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆளுக்கு 1,500 ரூபாய்; 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம். இங்கேதான், தம்பி, உங்கள் கேள்வியைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இந்தக் காப்பீடு வணிக வங்கிகளுக்கும், மாநில, மாவட்ட மத்திய, நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஊர்த் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இல்லை. உங்கள் ஏழு லட்சமும் இருப்பது சங்கத்தில்தான். நம் சங்கங்கள் மோசம் என்று சொல்லவில்லை. முழுத்தொகையையும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

மறுமொழி 3: கடையநல்லூர், இப்போது துபாயில்

ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் பணம் அனுப்புவதை "பாதிதான்" என்று அவர் கடந்துபோனது எங்களைப் போன்றவர்களுக்கு வலிக்கிறது. என் தாத்தா சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார், நான் துபாயிலிருந்து அனுப்புகிறேன். எங்கள் தெருவில் பாதி அடுப்பு அப்படி வந்த பணத்தில்தான் எரிகிறது. கட்டணம், மாற்று விகிதத்தில் கழிப்பது, விடுமுறை என்றால் இரண்டு நாள் தாமதம் என்று எங்கள் உழைப்பு வழியிலேயே கரைகிறது. வங்கி வழியன்றிப் பணத்தைக் கைமாற்றும் உண்டியல்காரர்கள் எதற்காக இத்தனை தலைமுறைகளாகப் பிழைத்திருக்கிறார்கள் என்று வங்கிகள் யோசித்திருக்க வேண்டும்.

டாலரோடு விலை கட்டப்பட்ட ஸ்டேபிள்காயினில் அனுப்பினால் சில நிமிடங்களில் போய்ச் சேர்கிறது என்பது உண்மைதான். நானே இரண்டு முறை அனுப்பினேன். ஆனால் ஊரில் அதை ரூபாயாக மாற்ற வேண்டுமே? முகம் தெரியாத ஒருவருக்குக் காயினை விற்று, அவர் என் தம்பியின் கணக்கில் பணம் போட்டார். அது யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாம். வேறு மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்றின் புகாரில் தம்பியின் கணக்கு மூன்று மாதங்கள் முடங்கியது. அந்த வங்கியில் ஒருவரும் சரியான பதில் சொல்லவில்லை. தம்பி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று வாங்கினோம். இந்த முறையில் ஊருக்குப் பணம் அனுப்ப யாரும் துணிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினுக்கு ஈடாக வைத்திருந்த தொகையில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் மாட்டிக்கொண்டது. ஒரு டாலராக இருக்க வேண்டிய காயின் 90 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. அமெரிக்க அரசு அந்த வங்கியின் வைப்புத்தொகை முழுவதற்கும் பொறுப்பேற்ற பிறகுதான் அது பழைய விலைக்குத் திரும்பியது. வங்கிக்கு மாற்றாக வந்த காயினுக்கு அடித்தளமே ஒரு வங்கிக் கணக்காக இருந்திருக்கிறது.

மறுமொழி 4: தென்காசி நிரலாளர்

பாளையங்கோட்டை ஐயாவிடம் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். அவகாசம் கொடுக்கும் அதே அலுவலர், வேண்டாதவருக்குக் கதவை அடைக்கவும் முடியும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர்கள் முதலில் 1,000 ரூபாய்க்குமேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் 50,000 என்று வரம்பு வைத்தார்கள். தன் பணத்துக்காக வங்கி வாசலில் நின்று அழுத முதியவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த என் தலைமுறைக்கு, "நம்புங்கள்" என்ற சொல் மட்டும் போதவில்லை. நிரல் முகம் பார்க்காது என்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

ஆனால் இந்த நியாயம் எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. நம் நாட்டில் பெரும்பாலோர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2014இல் டோக்கியோவின் மவுன்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 8.5 லட்சம் பிட்காயின்கள் மாயமாயின. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானது. 2024 ஜூலையில் நம் நாட்டு வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் திருடப்பட்டது. அங்கே வைத்திருப்பவர் வங்கியை விட்டு வெளியேறவில்லை. காப்பீடு இல்லாத ஒரு வங்கிக்குள் நுழைந்திருக்கிறார்.

சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒருவர் உடைமையாக்கி அனுபவிக்கத்தக்க சொத்து என்று கூறியிருக்கிறது. ஆனால் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, ஒவ்வொரு விற்பனையிலும் 1 விழுக்காடு பிடித்தம். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான சோதனையாக வந்த டிஜிட்டல் ரூபாயை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம்.

மறுமொழி 5: முக்கூடல், சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர்

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. எனவே எங்கள் குழுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் பதினாறு பேர். பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள். அடகு வைக்க எங்களில் பலரிடம் குண்டுமணித் தங்கம் கிடையாது. ஆனாலும் வங்கி எங்கள் குழுவுக்கு ஈடு எதுவும் கேட்காமல் கடன் கொடுத்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு நோட்டை ஒருவர் சத்தமாக வாசிப்பார். அவரவர் கணக்கை அவரவர் காதால் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவருடைய கணவர் விபத்தில் இறந்துபோனார். இரண்டு மாதத் தவணையை மற்ற பதினைந்து பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். மூன்றாம் மாதத்திலிருந்து அவரே கட்டத் தொடங்கி, எங்களுக்குத் தர வேண்டியதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து முடித்துவிட்டார். 150 ரூபாய் வைத்தால்தான் 100 ரூபாய் கிடைக்கும் என்று ஐயா எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த வாசலில் எங்களில் ஒருவர்கூட நுழைய முடியாது. வெள்ளத்தின்போது எங்கள் உறவினர் ஊர்களில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் நாள்கணக்கில் இல்லை. கையில் காகிதப் பணம் வைத்திருந்தவர்தான் பால் வாங்கினார். அரசு நிவாரணம் 6,000 ரூபாயும் ரேஷன் கடையில் ரொக்கமாகத்தான் கிடைத்தது.

கேள்வி கேட்டவரின் பதில்

எல்லாருக்கும் மிக்க நன்றி. சங்கத்துக்குக் காப்பீடு இல்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. ஐயா எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று லட்சத்தைப் பயிர்க்கடன் உறவுக்காகச் சங்கத்திலேயே விட்டுவிட்டு, நான்கு லட்சத்தை வங்கியில் அம்மா பெயரில் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்பா சங்கத்துக் கணக்குக்கு வாரிசு நியமனம் செய்யாமல் விட்டதால், வாரிசுச் சான்றிதழுக்காக இத்தனை மாதம் அலைந்தோம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று அறிந்தேன். என் பெயரையும் தங்கையின் பெயரையும் எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

தென்காசித் தம்பி எழுதிய டைரிச் செய்தியைச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். அவனுடைய பன்னிரண்டு சொற்கள் எங்கே இருக்கின்றன என்று அவன் மனைவிக்குத் தெரியுமா என்றும் கேட்டேன். தெரியாதாம், இந்த வாரமே சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். தன் பணத்தில் அவன் காயின் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

பாளையங்கோட்டை ஐயாவிடம் கடைசியாக ஒன்று. சங்கத்து வைப்புத்தொகை முதிர்வடைய இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. இப்போதே எடுத்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று சனிக்கிழமை செயலாளரிடம் கேட்கப் போகிறேன். அவரிடம் வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்று அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.